ஹீற்றர் வேண்டாம், முதலில் ஓட்டைப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சீமை ஓடு, சுண்ணாம்புச் சுவர், பின்னுக்கு அஸ்பெஸ்டஸ் போட்ட குசினி. போன மார்கழி முழுக்க வீடு ஒரே ஈரமும் குளிரும். எழுபது தாண்டிய அம்மாவுக்கு மூச்சிழுப்பு வேறு. கனடாவில் வாடகை வீட்டில் இருக்கிற அக்கா, "யன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டு, கதவு இடுக்கெல்லாம் அடை, சின்ன ஹீற்றர் ஒன்று வாங்கு" என்கிறா. வீட்டுக்காரர் கொழும்பில். செலவென்றால் யோசிக்கிறார். கரண்ட் பில்லும் ஏற்கெனவே கூட. எதைச் செய்வது, எதை விடுவது? வேறு வீடு பார்த்துவிடலாமா?
— வாசகி, உப்புவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

நல்ல நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். புரட்டாதி இன்னும் முடியவில்லை. ஐப்பசி மழை இறங்க முன்னம், கூரையில் ஆள் ஏறி வேலை செய்யக்கூடிய காய்ந்த நாட்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. அவற்றை வீணாக்கிவிடாதீர்கள். மழை தொடங்கிய பிறகு ஓட்டு வேலைக்கு ஆள் பிடிப்பதும் கஷ்டம், நனைந்த ஓட்டில் ஏறுவது ஆபத்தும்கூட.

அக்கா சொன்னது அவ இருக்கிற இடத்துக்குச் சரியான புத்தி. அங்கே வெளியே குளிர் பூச்சியத்துக்கும் கீழே போகும். வீட்டுக்குள்ளே காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று இடுக்கு வழியாக வெளியேறினால், போவது பணம். யன்னலில் ஒட்டுகிற தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அடைபட்டு நிற்கிற காற்று சூட்டை வெளியே போகாமல் மறிக்கிறது. குளிர்காலக் காற்றில் அங்கே ஈரமும் மிகக் குறைவு. அதைச் சூடாக்கினால் வீடு இன்னும் காயுமே தவிர ஈரிக்காது.

நம்முடைய மார்கழியில் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 23, 24 பாகை அளவில்தான் நிற்கும். காய்ந்த உடுப்போடு காய்ந்த கட்டிலில் படுத்திருப்பவருக்கு அது ஒரு குளிரே இல்லை. ஆனால் வாடைக் காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்துகொண்டுதான் நம் வாசலுக்கு வருகிறது. சுவர் நனைகிறது, தரை கசிகிறது, படுக்கை விரிப்பு காயாமல் கிடக்கிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அம்மா நடுங்குவது அதனால்தான். இந்த நிலையில் எல்லா இடுக்கையும் அடைத்தால் சமையல் ஆவியும் ஈர உடுப்பின் நீரும் வீட்டாரின் மூச்சும் உள்ளேயே நின்று சுவரில் பூஞ்சணமாகப் பிடிக்கும். இழுப்புக்காரருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஆகவே உங்கள் காசும் நேரமும் போகவேண்டியது வீட்டை நனையவிடாமல் வைத்திருப்பதற்கு.

ஹீற்றர் கணக்கையும் பார்த்துவிடுவோம். கடையில் கிடைக்கிற சாதாரண ஹீற்றர் 2000 வாட். ஒரு மணித்தியாலத்துக்கு 2 அலகு. இரவில் 5 மணித்தியாலம் போட்டால் ஒரு நாளைக்கு 10, மாதத்துக்கு 300 அலகு. நம் வீட்டு மின் கட்டணத்தில் மாதம் 60 அலகைத் தாண்டினாலே முதல் அலகிலிருந்து விலை வேறு. அதற்கு மேலே படிப்படியாக ஏறும், நிலையான கட்டணமும் கூடவே ஏறும். 300 அலகு சேர்ந்தால் உங்கள் பில் மிக உயர்ந்த படியில் போய் நிற்கும். அந்தக் காசு கூரை வேலைக்குப் போகட்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். குளிருகிறது என்று தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கரித் தணலில் இருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். அம்மாவுக்குச் சூடு வேண்டுமென்றால் றப்பர் பையில் சுடுநீர் ஊற்றித் துவாயில் சுற்றிக் காலடியில் வையுங்கள். கேத்தல் தண்ணீர் கொதிக்க சில நிமிடம்தான். செலவு ஒன்றுமில்லாத மாதிரி.

சரி, கூரைக்கு வருவோம். பழைய வீடு திருத்துகிறவன் என்ற முறையில் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மேலேதான் பார்ப்பேன்.

நல்ல வெயில் உள்ள மத்தியானத்தில் அறையின் யன்னல், கதவெல்லாம் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். ஓட்டுக்கு நடுவே ஊசி முனை அளவில் வெளிச்சம் தெரிகிற இடங்களை எல்லாம் பிடியுங்கள். நேர்கீழே தரையில் வெண்கட்டியால் குறியிட்டால் ஏறுகிற ஆளுக்கு இடம் காட்ட வசதி. சீலிங் அடித்த அறையென்றால் அதன் மூடியைத் தூக்கி உள்ளே ரோச் அடித்துப் பார்க்கலாம். அடுத்தது மரத்தில் உள்ள கறை. தண்ணீர் ஓட்டின் வெடிப்பில் இறங்கி, கைமரம் வழியே வழிந்து, வேறெங்கோ போய்ச் சொட்டும். போன மாரியில் வாளி வைத்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கவேண்டும் என்று இல்லை. கறை எந்தக் கைமரத்தில் எங்கே தொடங்குகிறது என்று முகட்டுப் பக்கமாகப் பின்தொடர்ந்து போனால் இடம் அகப்படும்.

சீமை ஓட்டில் ஒரு சங்கதி. ஓட்டுக்கு ஓடு கொளுவுகிற விளிம்பில் சிறு வாய்க்கால்கள் உண்டு. உள்ளே வர நினைக்கிற தண்ணீரை அவைதான் கீழே கொண்டுபோய் விடும். பல வருடப் புழுதியும் சருகும் பாசியும் சேர்ந்து அவை அடைபட்டால், வாடை மழை சாய்வாக அடிக்கிறபோது தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறி உள்ளே விழும். ஒரு ஓடுகூட உடையாமல் வீடு ஒழுகுவது பெரும்பாலும் இதனால்தான். வடக்கும் கிழக்கும் பார்த்த கூரைப் பக்கத்து ஓடுகளைக் கழற்றி, தும்புத் தூரிகையால் வாய்க்காலைத் தேய்த்துத் திரும்ப அடுக்கச் சொல்லுங்கள். கூலி மட்டும்தான், பொருள் செலவு இல்லை. உங்கள் வீட்டில் மிகப் பெரிய மாற்றத்தைத் தரப்போகிற வேலையும் இதுவாகத்தான் இருக்கும்.

உடைந்த ஓட்டுக்குப் பதில் வாங்கும்போது நல்ல ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு சூளை ஓட்டுக்கும் வாய்க்கால் வேறு. கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிந்தாலும் பொருந்தாது, பொருந்தாத ஓடு அடுத்த ஓட்டையும் தூக்கிவிடும். பழைய வீடு உடைத்து ஓடு விற்கிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் சரியான சோடி கிடைக்கும். முகட்டு ஓட்டுக்கு இடையில் பூசிய சாந்து வெடித்திருந்தால் அதையும் திரும்பப் பூசவேண்டும். "சீமெந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், பலமாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சீமெந்து கூடினால் வெயிலில் சுருங்கி மறுபடி வெடிக்கும். சுண்ணாம்பும் கலந்த சாந்து கொஞ்சம் இளகிக் கொடுக்கும். கூரைக்குள் வெளிச்சத்துக்காகக் கண்ணாடி ஓடு வைத்திருந்தால் இந்த ஏற்றத்திலேயே அதையும் கழுவிவிடச் சொல்லுங்கள். மழை இருட்டு நாட்களில் பகலில் ஒரு மின்குமிழ் மிச்சம். ஓட்டைத் தொடுகிற மரக்கிளைகளும் போகவேண்டும். நம்மூரில் குரங்கு இறங்கிவந்து ஓட்டை நகர்த்துவது அந்தக் கிளை வழியாகத்தான்.

குசினிக் கூரையில் யாரும் ஏறவேண்டாம். பழைய அஸ்பெஸ்டஸ் தகடு வெயிலில் காய்ந்து பொறுக்குத் தட்டியிருக்கும், மிதித்தால் ஆளோடு இறங்கும். பாசியைக் காய்ந்தபடி சுரண்டுவதும், துளையிடுவதும் கூடாது. அதிலிருந்து பறக்கிற தும்பு சுவாசப்பைக்கு நஞ்சு. ஆணி வாயில் ஒழுகினால், பலகை போட்டு வேலை செய்யத் தெரிந்தவரைக் கொண்டு றப்பர் வாசரை மட்டும் மாற்றுவியுங்கள்.

இனிச் சுவர். இதில் உங்கள் கையால், காசே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. வெளியே சுவரோரம் மண் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். உப்புவெளி மணல் தரை. காற்று கொண்டுவருவது, கூட்டி ஒதுக்குவது, பூங்கன்றுக்குப் போடுவது என்று வருடக் கணக்கில் மண் ஏறி, உள்தரை மட்டத்தையும் தாண்டியிருக்கும். மழைக்கு அந்த மண் ஊறினால் சுவர் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். மண்வெட்டியால் சுவரோர மண்ணை வெட்டி, உள்தரையை விட ஒரு சாண் கீழே இருக்கும்படி, வெளிப்பக்கம் சரிவாக இழுத்துவிடுங்கள். பீலி இல்லாத தாழ்வாரம் என்றால் தண்ணீர் விழுகிற கோட்டில் சல்லிக்கல் பரப்புங்கள். மணலில் விழுந்து சுவரில் தெறிக்கிற சேறு கல்லில் விழுந்தால் தெறிக்காது. வடக்குச் சுவர் முழங்கால் உயரத்துக்கு நனைவது பாதி இந்தத் தெறிப்பால்தான்.

சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ற் பொரிந்து விழுகிறதா? கடலோரத்துப் பழைய சுவர்களில் உப்பு உண்டு. மாரியில் உப்புச் சாடி தானாகக் கசிவதுபோல் அந்தச் சுவரும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். வீட்டுக்காரர் "சீமெந்து பூசிவிடுவோம்" என்று சொல்லக்கூடும். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற சுவர். நனைந்தாலும் காற்றுப் பட்டதும் காய்ந்துவிடும். மேலே சீமெந்தோ பிளாஸ்டிக் பெயின்றோ ஏறினால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது மேலே ஏறி, இன்று முழங்காலுக்கு நிற்கிற ஈரம் அடுத்த மாரியில் இடுப்புக்கு வந்துவிடும். பொரிந்ததைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். விலையும் மலிவு, பூஞ்சணமும் சுண்ணாம்பில் இலேசில் பிடிக்காது.

அக்காவின் புத்தியில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளக்கூடிய இடம் இதுதான்: வாடை அடிக்கிற பக்கத்து யன்னலும் கதவும். வடக்கு, கிழக்குப் பக்க யன்னல் சட்டத்தில் ஒட்டுகிற றப்பர் பட்டி கடையில் வாங்கலாம். சாரல் உள்ளே வராது. கதவின் அடியில் வைக்கப் பழைய சீலைத் துண்டைக் குழாய்போலத் தைத்துப் பழந்துணி அடைத்துக்கொள்ளுங்கள். கடல் மணல் அடைக்கவேண்டாம், அதுவும் உப்போடு கசியும். ஆனால் மேற்கும் தெற்கும் பார்த்த யன்னல்களைப் பகலில் மழை பெய்தாலும் திறந்து வையுங்கள். மேலே உள்ள காற்றுத் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். நுளம்புக்குப் பயமென்றால் வலை அடியுங்கள். வடக்கு விறாந்தைக்குக் கிடுகுத் தட்டியோ தறப்பாளோ கட்டுவது நம்மவர்களின் பழைய வழக்கம், நல்ல வழக்கம். தறப்பாளைக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு, அவிழ்க்கக்கூடிய முடிச்சோடு கட்டுங்கள்.

அம்மாவின் கட்டில் எந்த அறையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வடக்குப் பக்கமென்றால் கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் தெற்கு அல்லது மேற்கு அறைக்கு மாற்றுங்கள். எந்தப் பக்கமென்றாலும் கட்டில் சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். அலுமாரியையும் அப்படியே இழுத்துப் போடுங்கள். பூஞ்சணம் முதலில் பிடிப்பது காற்றுப் போகாத அந்த அலுமாரி முதுகில்தான். ஈர உடுப்பை அம்மா இருக்கிற அறையில் காயப்போடாதீர்கள். வேறொரு அறையில் கொடி கட்டி, யன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். 75 வாட் மின்விசிறி 4 மணித்தியாலம் ஓடினால் 0.3 அலகு. அதே உடுப்பை இஸ்திரிப்பெட்டியால் காயவைக்கப் போனால் அதைப்போல் பல மடங்கு போகும்.

பூஞ்சணம் பிடித்த இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். குளோரின் பாவித்தால் தண்ணீர் கலந்து, யன்னலைத் திறந்துவைத்து, அம்மாவை வெளியே இருத்திவிட்டுச் செய்யுங்கள். மலசலகூடம் கழுவுகிற அமிலத்தோடு அதைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். பீலியில் சருகு அடைத்துத் தண்ணீர் நின்றால் ஒரு கிழமைக்குள் நுளம்பு பெருகும். மாரியில்தான் நம் பக்கம் டெங்கு கூடுகிறது, அதனால் பீலியை மறக்கவேண்டாம்.

கரண்ட் பில் பற்றிக் கேட்டீர்கள். மாரியில் மின்விசிறிப் பாவனை குறைகிறபடியால் பில்லும் குறையத்தான் வேண்டும். குறையாவிட்டால் எங்கோ கசிகிறது. குளிர்சாதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மின்மானியைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் ஈரம் பட்ட பழைய வயரால் மின்சாரம் சுவருக்குள் இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். அது காசு விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயம். ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் டக்கென்று விழவேண்டும். விழாவிட்டாலோ, ட்ரிப் சுவிச்சே இல்லாவிட்டாலோ மழைக்கு முன் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஐப்பசி பின்னேரங்களில் இடி முழங்கும்போது ரீவி, ரவுட்டர் பிளக்கைக் கழற்றிவிடுவதும் நல்லது.

புயல் எச்சரிக்கை வந்தால் தறப்பாளை அவிழ்த்து உள்ளே எடுங்கள். கூரையில் கடைசி நேரத் திருத்தம் வேண்டாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் நம் மாவட்டத்துக் கரையில்தான் ஏறியது. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைத் தொலைபேசியில் போட்டு வைத்திருங்கள்.

வீட்டுக்காரரிடம் பேசுவதற்கு முன் படம் எடுங்கள். வெளிச்சம் தெரிகிற ஓடு, கறை பிடித்த கைமரம், வெடித்த முகடு எல்லாவற்றையும் திகதியோடு வட்ஸ்அப்பில் அனுப்பி, மேசனிடம் கேட்ட கூலியையும் எழுதுங்கள். "ஐயா, வீடு ஒழுகுகிறது" என்று பொதுவாகச் சொன்னால் "பார்ப்போம்" என்று பதில் வரும். "இந்தக் கைமரம் இன்னொரு மாரி நனைந்தால் உளுத்துவிடும், பிறகு கூரையையே இறக்கவேண்டி வரும்" என்று படத்தோடு சொன்னால் அவருக்கும் விளங்கும். கூரை, சுவர், வயர் மூன்றும் அவர் பொறுப்பாகவும், சுத்தம் செய்வது, றப்பர் பட்டி, தட்டி, மின்குமிழ் உங்கள் பொறுப்பாகவும் பேசுங்கள். கையில் காசில்லை என்றால் நீங்களே செய்வித்து வாடகையில் கழிக்கலாமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்ததை எழுத்தில் வாங்கி, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். அவர் சம்மதமில்லாமல் கழிக்கவேண்டாம், உறவு கெட்டுப்போகும். உங்கள் சொந்தக் காசைப் போகும்போது கையோடு கொண்டுபோகக்கூடிய பொருட்களுக்கும் மலிவான வேலைகளுக்கும் மட்டும் செலவழியுங்கள்.

வேறு வீடு பார்ப்பதா என்பதற்குப் பதில் மூன்று இடத்தில் இருக்கிறது. தெருவில் நின்று முகட்டைப் பாருங்கள், நேர்கோடாக இருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று. ஏணி வைத்துக் கைமரம் சுவரில் அமர்கிற முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். உளுத்ததென்றால் வெண்ணெயில் போவதுமாதிரிப் போய்விடும். சுவரில் சாய்வாக ஓடுகிற வெடிப்பு ஐந்து ரூபாய்க் குற்றி நுழையுமளவு அகலமா, சுவர் வெளியே பிதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்து, வீட்டுக்காரர் உடனே திருத்தவும் மாட்டேன் என்றால், ஐப்பசி பிறக்க முன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாறிவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அது நல்ல வீடு. ஓட்டையும் சுவரோர மண்ணையும் பார்த்துவிட்டு இருங்கள்.